பச்சையாகச் சாப்பிடலாமா? தம்பதியருக்கு ஒரு பாடம்



"அடுப்பே மூட்ட வேண்டாமாம்; தேங்காயும் பழமும் முளைப்பயறும் போதுமாம்; நோயே அண்டாதாம்" என்ற பேச்சு ஊருக்கு ஊர் கேட்கிறது. இதை இயற்கை உணவு என்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் இதைப் பல ஆண்டுகளாகக் கடைப்பிடித்தும் பரப்பியும் வருவோர் உண்டு. கேட்டதும், "நாமும் செஞ்சு பாத்தா என்ன?" என்று தோன்றுவது இயல்புதான். செய்து பாருங்கள், தப்பில்லை. ஆனால் எதைப் பச்சையாகத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது, வீட்டில் யாருக்கு இது ஆகாது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

1. பச்சை உணவால் என்ன நன்மை?

வைட்டமின் சி என்ற சத்து சூட்டில் அழியும். தண்ணீரில் கரைந்தும் போகும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றில் இது நிறைய உண்டு. கேழ்வரகு, கீரை, பயறு இவற்றிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு இழுத்துக்கொள்ள இந்த வைட்டமின் உதவுகிறது. ஆகவே சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழமோ அரை மூடி எலுமிச்சைச் சாறோ சேர்த்தால், இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அது நல்ல துணை. பழத்திலும் காயிலும் உள்ள நார்ச்சத்து மலச்சிக்கலைக் குறைக்கும்.

2. பின் அடுப்பு எதற்கு?

அரிசியும் பருப்பும் வெந்தால்தான் நன்றாகச் செரிக்கும். மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகத் தின்றால் அதிலுள்ள நஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம். ராஜ்மா போன்ற பெரிய பயறுகளை வேகவைக்காமல் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். கேரட்டிலும் கீரையிலும் உள்ள வைட்டமின் ஏ சத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு வேகவைத்தால்தான் உடம்பில் கூடுதலாகச் சேரும். பாலைக் காய்ச்சாமல் குடித்தால் காசநோயும், மாட்டிலிருந்தும் ஆட்டிலிருந்தும் பரவும் காய்ச்சலும் வரலாம். ஆக, பச்சையும் வேண்டும், அடுப்பும் வேண்டும்.

3. வயிறு நிறையும், உடம்புக்குப் போதுமா?

ஒரு கணக்குப் பார்ப்போம். வயல்வேலை, வீட்டுவேலை என்று மிதமாக உழைக்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2,130 கலோரி தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் கணக்கிட்டது. கர்ப்பமானால் அதற்கு மேல் 350 கலோரி வேண்டும். பிள்ளை பெற்ற முதல் ஆறு மாதம், பால் கொடுக்கும் காலத்தில், 600 கலோரி கூடுதலாக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 100 கலோரி. பழத்தை மட்டும் நம்பினால் கர்ப்பிணி நாளொன்றுக்கு 25 பழம் தின்ன வேண்டும்! வெள்ளரிக்காய் ஒரு கிலோ தின்றாலும் 150 கலோரியே தேறும். தேங்காயில் கலோரி நிறைய உண்டு. ஆனால் புரதம் குறைவு. வைட்டமின் பி12 செடிகொடியில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. அது குறைந்தால் இரத்தசோகை வரும், நரம்பு கெடும். தாய்க்குக் குறைந்தால் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கும் குறையும்.

4. காந்தியடிகள் செய்து பார்த்தார்

1929ஆம் ஆண்டில் காந்தியடிகள் சமைக்காத உணவைத் தாமே உண்டு சோதித்தார். முளைவிட்ட கோதுமை, அரைத்த பாதாம், பச்சைக் கீரை, எலுமிச்சை, தேன், இவைதான் ஆகாரம். சில மாதங்களில் சீதபேதி வந்து உடல் தளர்ந்தது. சோதனையை நிறுத்தி ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். அதைத் தம் பத்திரிகையில் ஒளிக்காமல் எழுதவும் செய்தார். பிடித்த கொள்கையே ஆனாலும், உடம்பு ஒத்துக்கொள்ளாதபோது நிறுத்தத் தெரிய வேண்டும்.

5. பிள்ளைப்பேறும் பச்சை உணவும்

தம்பதியர் இந்தப் பகுதியைச் சேர்ந்து படியுங்கள். நீண்ட நாள் பச்சை உணவே உண்டு வந்த ஆண், பெண் ஐந்நூறு பேருக்கு மேல் ஜெர்மனியில் விசாரித்து, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். பெண்கள் சராசரியாக 12 கிலோ எடை இழந்திருந்தார்கள். 45 வயதுக்கு உட்பட்ட பெண்களில் சுமார் நூற்றுக்கு 30 பேருக்கு மாதவிலக்கு தவறியது அல்லது நின்றே போனது. உண்ணும் உணவு உடம்பைத் தாங்கவே போதாதபோது, கருமுட்டை உண்டாவது நிற்கிறது.

"தீட்டு நின்னா உடம்பு சுத்தமாயிடுச்சுன்னு அர்த்தம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது பட்டினியின் அடையாளம். பிள்ளை வேண்டும் என்று காத்திருப்போருக்கு இது தடையாகும்.

இன்னொன்றும் உண்டு. "மாசாமாசம் வரலியே, இனி காப்பர்-டியும் மாத்திரையும் எதுக்கு?" என்று கருத்தடையை விட்டுவிடவும் கூடாது. அடுத்த மாதவிலக்கு வருமுன்பே கருமுட்டை வெளிப்பட்டு, நினைக்காத நேரத்தில் கரு தங்கிவிடலாம். மாதவிலக்கு தள்ளிப்போனால் முதலில் கர்ப்பமா என்று பரிசோதியுங்கள்.

6. யார் முழுப் பச்சை உணவுக்கு மாறக் கூடாது?

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், பிள்ளை எதிர்பார்க்கும் பெண்கள், குழந்தைகள். நீரிழிவுக்கு மருந்து எடுப்போரும் சிறுநீரக நோயாளிகளும் டாக்டரைக் கேட்காமல் உணவை மாற்றக் கூடாது. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும். பிறகு வேகவைத்துக் குழைத்த சோறு, பருப்பு, காய் கொடுங்கள். கர்ப்பகாலத்தில் 180 நாளும், பேறுக்குப் பின் 180 நாளும் தரப்படும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை "பழம் திங்கிறோமே" என்று நிறுத்த வேண்டாம்.

7. புதிதாகத் தொடங்குவோர் செய்ய வேண்டியது

* காலையில் ஒரு பழம்; மதியம் சோற்றோடு வெள்ளரி, கேரட், வெங்காயம் சேர்த்த தயிர்ப் பச்சடி ஒரு கிண்ணம். முதலில் இதுவே போதும்.
* காயை முழுதாகக் கழுவிவிட்டுப் பிறகு நறுக்குங்கள். நறுக்கியதும் சாப்பிடுங்கள்.
* ஓடும் நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். உப்புத் தண்ணீரில் பூச்சி புழு வெளியேறும். கிருமி எல்லாம் சாகாது. மலம் கலந்த மண்ணிலிருந்து நாடாப்புழு முட்டை காயில் ஒட்டி வரும். அது வயிற்றுக்குள் போய் மூளையில் கட்டியானால் வலிப்பு வரும். இறைச்சி தொடாதவருக்கும் இது வரும். ஆகவே கழிப்பறையைப் பயன்படுத்துவதும் பச்சைக் காயைக் காப்பதுதான்.
* முளைப்பயறை ஆவியில் வேகவைத்து உண்பதே நல்லது. 2011இல் ஜெர்மனியில் பச்சை வெந்தய முளையில் இருந்த கிருமியால் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். கர்ப்பிணிகள் பச்சை முளையைத் தொடவே வேண்டாம்.

ஒரு கேள்வி

மனைவி: ஏங்க, நீங்க மட்டும் பழமும் தேங்காயும் தின்னா எனக்குச் சமையல் வேலை மிச்சம்தானே?
கணவர்: மிச்சம் பண்ணணும்னா நானும் அரிவாமணையில உக்காந்து காய் நறுக்கறேன். நீ வயித்துப் பிள்ளைக்காரி. உன் தட்டுல சோறு, பருப்பு, கீரை, முட்டை எல்லாம் இருக்கணும்.

இப்படிப் பேசி முடிவெடுக்கும் வீட்டில் எந்தப் புது உணவும் தீங்காகாது.

நினைவில் வையுங்கள்

சோற்றுக்குப் பதிலாகப் பச்சை அல்ல, சோற்றோடு பச்சை. எடை குறைந்தாலோ, மாதவிலக்கு தவறினாலோ, மயக்கம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவரும் சேர்ந்து வாருங்கள்.