ஓநாய்க்கு நாயால் வரும் கேடு

மாணவர்களே! செந்நாயும் ஓநாயும் ஒன்றா? இல்லை. குற்றாலத்தையொட்டிய மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகள் செந்நாய்க்கு ஏற்ற இடம். இந்திய ஓநாய் வறண்ட புல்வெளிகளில் வாழ்வது.

வீட்டு நாயின் மூதாதை ஓநாயே. ஆகவே இவ்விரண்டும் இணைந்தால் பிறக்கும் கலப்புக் குட்டிகளும் இனம் பெருக்கும். புனே அருகே திரிந்த மாறுபட்ட நிற ஓநாய்களின் உரோமத்தை ஆராய்ந்து, அவற்றில் நாயின் மரபணு கலந்திருப்பதை 2023-இல் அறிவியலார் உறுதி செய்தனர். பாலில் கலந்த நீரைப் பிரித்தெடுக்க முடியுமா? கலப்பு பரவினால் தூய ஓநாயினமும் அப்படித்தான்.

செந்நாய் வேறு பேரினம். அதற்குக் கேடு வேறு வழியில் வரும். வெறிநோயும் டிஸ்டெம்பர் நோயும் நாயிடமிருந்து அதற்குத் தொற்றக்கூடும். அருவிக்கரையில் எறியும் உணவுப் பொட்டலம் தெருநாய்களைக் காட்டோரம் இழுக்கும். எனவே மிச்சத்தைக் குப்பைத் தொட்டியில் இடுங்கள். வளர்க்கும் நாய்க்குத் தவறாமல் தடுப்பூசி போடச் செய்யுங்கள்.