‘பல்சுவை’ என்று ஒரு பெட்டி வைக்காதீர்கள்

வலைப்பதிவுகளை வகைபிரிக்க உட்காருகிறவர்கள் முதலில் செய்வது சமையல், சினிமா, அரசியல், கவிதை என்று பெட்டி கட்டுவதுதான். ஒரு பத்திரிகையின் சிறப்பிதழுக்கு நான் அடைவு தயாரித்தபோது ஆசிரியர் குழுவும் அதையே கேட்டது. எதைப் பற்றி என்பதோடு எதற்காக எழுதுகிறார் என்பதையும் பார்ப்போம் என்றேன். “வாசகனுக்குப் புரியாது சார்” என்றார்கள். பத்திரிகை ஆபீசில் எந்த விவாதத்தையும் முடித்துவைக்க இந்த ஒரு வாக்கியம் போதும்.

யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் ஒடியல் கூழ் பற்றி எழுதியிருந்தார். செய்முறை கடைசி நாலு வரிதான். மற்றதெல்லாம் 1995 அக்டோபரில் போரால் நேர்ந்த இடப்பெயர்வு: மழை, நாவற்குழிப் பாலத்தில் அசைய முடியாத சனம், கூழ்ப்பானையை அடுப்பிலேயே விட்டுவந்த அம்மா. அவருடைய மற்ற பதிவுகளும் இதே மாதிரிதான். குழு அவரைச் ‘சமையல்’ பெட்டியில் போட்டது. இதழ் வெளியானதும் பின்னூட்டங்களில் “ஒடியல் மாவுக்குப் பதில் மைதா சேர்க்கலாமா?” என்று ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் அவர் வலைப்பதிவையே பூட்டிவிட்டார். நேரில் கண்டவர் எழுதிய சாட்சியம் போயே போயிற்று. குழுவில் ஒருவர்கூட இதுவரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நான் கேட்டது ஒன்றும் புதுமை இல்லை. ஆய்வாளர் சூசன் ஹெர்ரிங் குழுவினர் 2004இல் ஆங்கில வலைப்பதிவுகளை எழுதும் நோக்கத்தை வைத்துத்தான் பிரித்தார்கள்: சொந்த நாட்குறிப்பு, வெளியே நடப்பதைப் பொறுக்கிச் சொல்வது, அறிவுக் குறிப்பேடு. பத்தில் ஏழு நாட்குறிப்பாகவே இருந்தன. அதற்கும் வெகுமுன்பே, 1933இல், நம் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கான தன் கோலன் பகுப்பு முறையில் ஒரே நூலைப் பல முகங்களில் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டார். காகிதப் புத்தகம் ஒரு தட்டில்தான் இருக்க முடியும். உங்கள் எக்செல் கோப்புக்கு அந்த இக்கட்டு ஏது? பொருள், நோக்கம், தனிநபரா குழுவா, எந்த ஊர், எந்தக் காலம் என்று தனித்தனிப் பத்தி போடுங்கள். ஒடியல் கூழ் சமையலிலும் அகப்படும், நினைவுக்குறிப்பிலும் அகப்படும்.

முகவரி திரட்டுவது, செத்த சுட்டிகளைக் களைவது, கடைசிப் பதிவின் தேதியைக் குறிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனால் ஒவ்வொருவருடைய பதிவுகளிலும் ஐந்தையாவது முழுசாகப் படித்துவிட்டு வகை போடுங்கள். முகப்புப் படத்தில் குழம்புச்சட்டி இருக்கிறதே என்று முடிவுகட்டாதீர்கள், எங்கள் குழு அதைத்தான் செய்தது.

சொந்த வலைப்பதிவு வைத்திருந்தால் இன்னொன்று. வேர்ட்பிரஸில் வகை, குறிச்சொல் இரண்டும் உண்டு; பிளாகரில் லேபிள் மட்டும். வேர்ட்பிரஸில் பதிவின் முகவரிக்குள் வகைப்பெயரை நுழைக்காதீர்கள். பின்னால் வகையை மாற்றினால் முகவரியும் மாறும்.

எதிலும் அடங்காதவற்றுக்கு ‘பல்சுவை’ என்று ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாராவது வருவார்கள். எங்கள் அடைவில் அதுதான் ஆகப் பெரிய பகுதி. அடுத்த இதழுக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெட்டியை எடுத்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.