விரும்பிச் சிறை புகுந்தவர்

போரில் சிறைப்படுதல் எவரும் விரும்பி ஏற்பதன்று. தப்புவதற்கு வழியின்றிப் படைக்கலமும் பயனற்றுப்போன பின்னரே வீரன் பகைவனிடம் அகப்படுகின்றான். ஆனால், தாய்நிலம் சேர்க்கும் படகு எதிரே நிற்கவும், அதில் ஏறாது கரைக்குத் திரும்பிப் பகைவர் கையில் அகப்பட்டவர் ஒருவர் உளர். அவர் துப்பாக்கி ஏந்திய வீரரும் அல்லர். கனடா நாட்டுப் படையில் மதகுருவாகப் பணியாற்றிய ஜான் வியர் ஃபுட் என்பவரே அவர்.

ஃபுட் 1904ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள், ஒன்டாரியோ மாநிலத்து மடோக் என்னும் சிற்றூரில் பிறந்தார். கல்வி முடித்துப் பிரெஸ்பிடீரியன் திருச்சபையின் குருவாகி, கியூபெக் மாநிலத்திலும், பின்னர் ஒன்டாரியோவில் போர்ட் ஹோப் என்னும் ஊரிலும் இறைபணி ஆற்றி வந்தார். 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அவர் படையிற் சேர்ந்து, ராயல் ஹாமில்ட்டன் இலகு காலாட்படை என்னும் பட்டாளத்தின் குருவானார். அப்பட்டாளத்தார் பெரும்பாலும் ஹாமில்ட்டன் நகரத்தவரும் அதனைச் சூழ்ந்த ஊரினருமாவர். அவர்களோடு கடல் கடந்து இங்கிலாந்து சென்று, அவர்கள் பயிற்சி பெற்ற காலமெல்லாம் உடன் தங்கி, அவர்தம் இன்ப துன்பங்களைத் தமவாகக் கொண்டார்.

1942ஆம் ஆண்டு பிரான்சு நாடு செருமானியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்நாட்டின் வடகரையில் தியெப் என்னும் துறைமுக நகர் உளது. அதனைத் திடீரெனத் தாக்கிச் சில மணி நேரம் கைக்கொண்டு, பின் மீண்டு வருதல் வேண்டும் என நேச நாட்டுத் தலைவர் திட்டமிட்டனர். ஆகஸ்டு 19ஆம் நாள் வைகறையில் ஏறத்தாழ 6,000 வீரர் படகுகளில் அக்கரையை அணுகினர். அவருள் கனடியர் ஏறக்குறைய 5,000 பேர்.

அத்திட்டம் தொடக்கத்திலேயே பிழைபட்டது. நகரின் இருபுறமும் கடலை நோக்கி உயர்ந்து நின்ற செங்குத்துப் பாறைகளில் செருமானியரின் பீரங்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் மறைந்திருந்தன. கடற்கரை மணற்பரப்பாக இருந்திருப்பின் கவச வண்டிகள் விரைந்து முன்னேறியிருக்கும். அதுவோ உருண்டு திரண்ட கற்களால் ஆகிய கரை. அக்கற்கள் வண்டிகளின் சங்கிலிப் பட்டைகளிற் சிக்கி அவற்றுட் பலவற்றை நகரவொட்டாது செய்தன. வீரர்க்கு ஒதுங்க நிழலும் இல்லை. பதுங்கப் பள்ளமும் இல்லை. கரை இறங்கிய சிறிது பொழுதிலேயே எங்கு நோக்கினும் இறந்தோரும் புண்பட்டோருமாகக் கிடந்தனர்.

அக்கரையில் சிறிதே தாழ்ந்த ஓரிடம் இருந்தது. படுத்திருப்பார்க்கு மட்டுமே அது மறைவு தரும். தலை தூக்கினால் குண்டுபடும். அதனையே பட்டாளத்து மருத்துவர் தம் சிகிச்சை நிலையமாகக் கொண்டார். ஃபுட் அவருக்குத் துணைநின்றார். துணை நின்றதோடு அமைந்தாரல்லர். மீண்டும் மீண்டும் அம்மறைவிடத்தை விட்டு வெளியேறினார். வெட்டவெளியிற் கிடந்தோருக்கு மார்பியா ஊசி குத்தியும், காயங்களைக் கட்டியும், தூக்கக்கூடியோரைத் தோளிற் சுமந்தும் கொணர்ந்தார். கடல் உள்வாங்கிய பின், கரை தட்டி நின்ற படகு ஒன்றன் மறைவிற்கு அந்நிலையம் மாறிற்று. அப்படகினுள் இருந்த வெடிமருந்து பகைவர் குண்டினால் தீப்பற்றியபோது, உள்ளே கிடந்த காயமுற்றோரை வெளியே எடுத்துவந்தவரும் அவரே. இவ்வாறு ஏறத்தாழ எட்டு மணி நேரம் கழிந்தது.

முற்பகலில், எஞ்சியோரை ஏற்றிச் செல்லப் படகுகள் வந்தன. குண்டு மழையினூடே ஃபுட் காயமுற்றோரைச் சுமந்து சென்று அவற்றில் ஏற்றினார். ஏற்றியபின் தாமும் உட்கார்ந்துகொள்ள ஒருமுறையன்று, பலமுறை வாய்ப்பிருந்தது. ஒவ்வொரு முறையும் கரைக்கே திரும்பினார். இறுதிப் படகில் ஏறவும் அவர் இசைந்திலர். தம்மோடு பழகிய வீரர் பலர் போக வழியின்றிக் கரையில் நின்றனர். அவர்க்கு நேர்வது தமக்கும் நேர்க எனத் துணிந்து, அவர்களோடு தாமும் சிறைப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 38.

அந்நாளின் இழப்பு மிகப் பெரிது. கனடியருள் 900க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். 1,946 பேர் சிறைப்பட்டனர். பிற்காலத்து, வடமேற்கு ஐரோப்பாவிற் கனடியப் படை பதினொரு மாதம் போரிட்டது. அப்போர் முழுவதிலும் சிறைப்பட்டோரினும், இவ்வொரு முற்பகலில் சிறைப்பட்டோர் தொகை மிகுதி.

1929ஆம் ஆண்டுச் செனீவா உடன்படிக்கையின்படி, பகைவரிடம் அகப்படும் மதகுருமாரைப் போர்க்கைதிகளாக நடத்துதல் கூடாது. ஆயினும், கைதிகளுக்கு இறைபணி செய்தற்பொருட்டு அவர்களை முகாம்களிலேயே நிறுத்திக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ஃபுட்டும் போர் முடியுங்காறும், ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டு, சிறை முகாம்களிலேயே வாழ்ந்தார்.

தியெப்பில் அகப்பட்டோருக்குச் சிறையினுள்ளும் ஒரு சிறை நேர்ந்தது. அதன் காரணம் அறியத்தக்கது. தாக்குதலுக்குரிய ஆணை ஏட்டின் படி ஒன்றைப் படைத் தலைவர் ஒருவர் தம்முடன் கரைக்குக் கொண்டுசென்றிருந்தார். கைதிகள் தம்மிடமுள்ள கடிதங்களை அழித்துவிடாதபடி அவர்தம் கைகளைக் கட்டுக என்பது அவ்வேட்டில் கண்டதொரு கட்டளை. அவ்வேடு செருமானியர் கையிற் கிடைத்தது. அவர்கள் சினங்கொண்டு, அவ்வாண்டு அக்டோபரில், தியெப்பில் பிடிபட்டோரின் கைகளைப் பிணிக்கத் தொடங்கினர். முதலிற் கயிற்றாலும், பின்னர்ச் சங்கிலி கோத்த விலங்காலும் பிணித்தனர். காலையில் பூட்டி இரவிற் கழற்றுவர். உண்ணுதலும் உடுத்தலும் அக்கட்டுடனேயே நிகழும். ஆணையை எழுதியவர் எங்கோ இருந்தார். அதன் பயனை நுகர்ந்தவரோ அதனைப் படித்தும் அறியாத எளிய போர்வீரர். ஆயினும் அவர்தம் ஊக்கம் குன்றவில்லை. மீன் டப்பாவைத் திறக்கும் சிறு சாவியைக் கொண்டே விலங்கைத் திறக்கும் வித்தையைச் சிலர் கற்றுக்கொண்டனர்! காவலர் வரும் ஓசை கேட்டதும் மீண்டும் பூட்டிக்கொள்வர்.

கனடாவும் வாளா இருந்திலது. தன்னாட்டுச் சிறையிலிருந்த செருமானியர்க்கு விலங்கிடுமாறு ஆணையிட்டது. ஒன்டாரியோவிலுள்ள பௌமன்வில் என்னும் ஊரின் முகாமில் இருந்த செருமானிய அதிகாரிகள் அதற்கு உடன்படாது கலகம் விளைத்தனர். ஒருவர் செய்ததற்கு மற்றவர் செய்ததே விடையாக, இருபுறத்தும் கைதிகள் வருந்தினர். நேச நாட்டார் டிசம்பரில் விலங்கை அகற்றினர். செருமானியரோ 1943ஆம் ஆண்டு நவம்பர் வரை அகற்றவில்லை.

1945 மே மாதத்தில் ஃபுட் விடுதலை பெற்றார். தியெப் கரையில் அவர் செய்தவற்றைக் கண்ணாற் கண்டவருட் பலர் அவருடனேயே சிறையில் இருந்தமையால், அச்செய்தி உலகிற்கு முழுதும் தெரிய மூன்றாண்டு கடந்தது. 1946 பிப்ரவரியில், வீரத்திற்குரிய தலையாய விருதாகிய விக்டோரியா சிலுவை அவருக்கு வழங்கப்பட்டது. கனடியப் படைக் குருமாருள் அதனைப் பெற்றவர் அவர் ஒருவரே.

படைப்பணியிலிருந்து 1948இல் விலகிய ஃபுட், அவ்வாண்டே டர்ஹாம் தொகுதியிலிருந்து ஒன்டாரியோ மாநிலச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1950இல் அமைச்சரானார். அவரிடம் ஒப்புவிக்கப்பட்ட துறையோ சீர்திருத்த நிலையங்களின் துறை. அஃதாவது, மாநிலத்துச் சிறைச்சாலைகளும், குற்றம் புரிந்த சிறாரைப் பயிற்றும் பள்ளிகளும் அடங்கிய துறை. கைதியாக இருந்தவர் கைதிகளைக் காக்கும் பொறுப்பை ஏற்றார். முன்னர்க் கூறிய பௌமன்வில் முகாமும் இயல்பில் அத்தகையதொரு சிறார் பள்ளியே. போர்க்காலத்தில் செருமானியரை அடைத்துவைத்த அவ்விடம், போர் முடிந்தபின் மீண்டும் பள்ளியாயிற்று. அது அமைந்திருந்ததும் அவருடைய டர்ஹாம் தொகுதியிலேயே.

அப்பதவி மலர்ப்படுக்கையாக இருந்ததில்லை. முகாமில் கைதிகளின் பக்கம் நிற்றல் அவருக்கு எளிதாயிற்று. நாற்காலியில் அமர்ந்த பின்னர், கைதிகளிடம் இரக்கமும் வேண்டும், மக்களுக்குக் காவலும் வேண்டும் என இருபுறமும் இழுக்கப்பட்டார். டொரன்டோ நகரின் டான் சிறையிலிருந்து வங்கிக் கொள்ளையர் கூட்டம் ஒன்று 1951இலும் 1952இலும் இருமுறை தப்பியோடியது. 1952ஆம் ஆண்டிலேயே குவெல்ப் நகரச் சீர்திருத்தச் சிறையில் பெருங்கலகம் மூண்டது. போர்க்கைதி தப்ப முயல்வது அவன் கடமை எனப் போற்றப்படும். இங்கோ, தப்பியோடியவரைப் பிடித்துத் தருக என மக்கள் அமைச்சரை நோக்கிக் குரலெழுப்பினர். கைதிகள் குறித்தும் சிறை நிலையங்கள் குறித்தும் ஆராயச் சட்டமன்றம் குழுவொன்றை அமைத்தது. அதன் அறிக்கை 1954இல் வெளிவந்தது. இத்தகைய இடர்களுக்கிடையே ஏழாண்டு, 1957 வரை, ஃபுட் அத்துறையை விட்டகலாது நடத்தினார். குடிப்பழக்கத்திற்கு அடிமையான கைதிகளைத் தண்டனையால் மட்டும் திருத்துதல் இயலாது எனக் கண்டு, அவர்க்கென மிமிக்கோ என்னுமிடத்தில் மருத்துவ நிலையம் ஒன்று ஏற்பட்டதும் அவர் காலத்திலேயே.

1959ஆம் ஆண்டுடன் அவர் அரசியல் வாழ்வு முடிவுற்றது. தம் விக்டோரியா சிலுவையை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாது, தம் பட்டாளத்தாருக்கே அளித்துவிட்டார். 1988ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள், எண்பத்து நான்காம் பிறந்த நாளுக்கு மூன்று நாள் இருக்கையில், இயற்கை எய்தினார். அவர் உடல் ஒன்டாரியோவில் கோபோர்க் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டது. ஹாமில்ட்டன் நகரில் அவருடைய பட்டாளத்து வீரர் கூடிப் பயிலும் படைமனை, இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது.