தவணை முடியும் கடைசி வாரம்: யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்கள் சொல்லும் பாடம்



தவணைப் பரீட்சை முடிந்த மறுநாள் நம் லயங்களில் ஒரு பேச்சு கேட்கும். "பரீட்சைதான் முடிஞ்சிருச்சே, இனிமே என்னா பள்ளிக்கூடம்? வீட்டுல இருந்து தம்பியப் பாத்துக்கட்டும்." இப்படிச் சொல்லி மூத்த பிள்ளையை, பெரும்பாலும் பெண் பிள்ளையை, நிறுத்திவிடுகிறோம். பரீட்சைக்கும் விடுமுறைக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு வாரம், பத்து நாள், வீண் நாள் என்பது நம் எண்ணம். அது சரியான எண்ணமா? இந்த இதழின் பாடம் அதைப் பற்றியது.

உதாரணத்துக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்கொள்வோம். நம் மலையகப் பள்ளிக்கூடங்களுக்கு அங்கிருந்து வந்து படிப்பித்த ஆசிரியர்கள் பலர். நம்மில் பலருக்கு 'அ'னா 'ஆ'வன்னா சொல்லித் தந்தவர்களும் அவர்களில் இருப்பார்கள். அவர்களுடைய ஊரில் விடுமுறைக்கு முந்திய நாட்களில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது நமக்கும் பிரயோசனம்.

மூன்று தவணையும் பிள்ளைகளின் வேலையும்

நாடு முழுவதும் அரசாங்கப் பள்ளிக்கூடங்களுக்கு வருடத்தில் மூன்று தவணை. வழக்கமாக முதல் தவணை சித்திரை வருடப் பிறப்புக்கு முன்னும், இரண்டாம் தவணை ஓகஸ்ட் மாதத்திலும், மூன்றாம் தவணை டிசம்பரில் நத்தாருக்கு முன்னும் முடியும். 2020க்குப் பிறகு கொரோனாவாலும் பொருளாதார நெருக்கடியாலும் சில வருடங்கள் இந்தக் கணக்கு முன்பின்னாகப் போனது. ஆனால் வழக்கம் அதுதான்.

யாழ்ப்பாணத்தில் முதல் தவணை என்றால் இல்ல விளையாட்டுப் போட்டி. பிள்ளைகளை இல்லங்களாகப் பிரிப்பார்கள். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் நாகலிங்கம், பசுபதி, சபாபதி என்று பெரியவர்களின் பெயரிலே இல்லங்கள் உண்டு. போட்டிக்கு முன் ஒவ்வொரு இல்லத்துப் பிள்ளைகளும் கம்பு, கயிறு, ஓலை, வர்ணக் கடதாசி கொண்டுவந்து தங்கள் இல்லத்தைச் சோடிப்பார்கள். ஓட முடியாத பிள்ளைக்கும் அங்கே ஒரு வேலை இருக்கும். மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் ஆடும் கிரிக்கெட் போட்டி வரும். 1904இல் தொடங்கிய இந்தப் போட்டியை 'வடக்கின் சமர்' என்பார்கள். யுத்த காலத்தில் இடைக்கிடை தடைப்பட்டாலும் அது நின்றுபோகவில்லை. பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்தும் வந்து பார்ப்பார்கள்.

மூன்றாம் தவணையில் நவராத்திரிக்கு வாணி விழா. தவணை முடிகிற சமயம் ஒளி விழா. ஒளி விழா நத்தாரை ஒட்டியது என்றாலும் சைவப் பிள்ளைகளும் சேர்ந்து பாடுவார்கள், நாடகம் நடிப்பார்கள். வாணி விழாவில் கத்தோலிக்கப் பிள்ளை கோலத்துக்கு மா கொண்டுவரும். நம் தோட்டத்திலும் மாரியம்மன் கோயிலும் மாதா கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன அல்லவா? அடுத்த வீட்டுப் பிள்ளையின் சமயத்தை மதிக்கும் பாடம் இப்படித்தான் படியும். அதற்குப் புள்ளி போடும் பரீட்சை கிடையாது.

சந்தையில் படிக்கும் கணக்கு

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் 'மாணவர் சந்தை' நடக்கும். பிள்ளைகள் வீட்டிலிருந்து முருங்கைக்காய், வாழைக்காய், கீரை, தேங்காய், பனங்கிழங்கு, ஓலைப்பெட்டி எல்லாம் கொண்டுவந்து பரப்பி வைப்பார்கள். வாங்குபவர்கள் தாய் தகப்பன்மாரும் அயலட்டைச் சனமும். தராசு பிடிப்பதும், மிச்சக் காசு கொடுப்பதும், இலாப நட்டம் பார்ப்பதும் பிள்ளைதான். கொப்பியில் இருபது கணக்குச் செய்தும் விளங்காத பிள்ளைக்கு, ஐந்து ரூபாய் குறையக் கொடுத்த ஒரே தடவையில் கணக்கு விளங்கிவிடும்.

மாரி மழை அங்கே ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். டெங்குக் காய்ச்சல் கூடுவதும் அந்தக் காலத்தில்தான். ஆகவே விடுமுறைக்கு முன் சிரமதானம் வைத்து, சிரட்டை, தகரப்பேணி, பழைய டயர் என்று தண்ணீர் தேங்கும் சாமான்களைப் பிள்ளைகள் பொறுக்கி ஒதுக்குவார்கள். பள்ளிக்கூடத்தில் செய்ததை வீட்டு வளவிலும் செய்வார்கள். பிள்ளை மூலம் வீட்டுக்குள் போகும் சுகாதாரப் பாடம் இது.

பிள்ளைகள் எழுதும் பத்திரிகை

எழுத்து விஷயத்தில் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷனரிமார் ஒரு செமினரி தொடங்கினார்கள். அங்கே படித்த ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற இரண்டு தமிழர்களே 1841இல் வெளிவந்த 'உதயதாரகை' பத்திரிகைக்கு ஆசிரியர்களாக இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எழுதப் பழகியவர்கள் ஊருக்கே செய்தி சொன்னார்கள்.

அச்சகம் இல்லாத இடத்திலும் இதைச் செய்யலாம். அதற்குப் பெயர் கையெழுத்துச் சஞ்சிகை. வகுப்பில் ஆளுக்கு ஒரு தாள். ஒரு பிள்ளை கதை எழுதும், ஒன்று படம் கீறும், ஒன்று விடுகதை சேர்க்கும். இன்னொரு பிள்ளை ஊர்ச் செய்தி எழுதும்: எந்த வீட்டுப் பிள்ளை புலமைப்பரிசில் சித்தியடைந்தது, எந்தக் கிணறு இறைத்தார்கள், எந்த அக்கா கம்பஸுக்கு எடுபட்டார். எல்லாவற்றையும் அடுக்கி நூலால் தைத்தால் புத்தகம். தவணை முடிவில் அது வகுப்புக்கு வகுப்பு கைமாறும்.

கூட்டம் நடத்தப் பழகுவதும் இப்படித்தான். மாணவர் மன்றத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பிள்ளைகளே இருந்து அறிக்கை வாசிப்பார்கள். 1924இல் ஹண்டி பேரின்பநாயகம் முதலான இளைஞர்கள் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பிறகு அது வாலிபர் காங்கிரஸ் ஆனது. சாதி வித்தியாசம் ஒழிய வேண்டும், தாய்மொழிக்கு இடம் வேண்டும் என்று பேசிய அமைப்பு அது. அவர்கள் அழைத்துத்தான் 1927 நவம்பரில் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தார். அதே பயணத்தில் நம் மலையகத்துக்கும் வந்தார். இளவயதில் கூடிப் பேசப் பழகியவர்கள் செய்த காரியம் அது.

கஷ்டத்திலும் விடாத பள்ளிக்கூடம்

"அவங்க வசதிக்காரங்க, அதனால செய்யிறாங்க" என்று நினைக்க வேண்டாம். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில், மழைக்குள்ளே, இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தது. போன இடத்தில் கொட்டிலிலும் மர நிழலிலும் வகுப்புகள் நடந்தன. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது பல இடங்களில் கதவில்லை, மேசையில்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் மறுபடி எழுந்தது. ஊர்ச் சனம் அதைத் தங்கள் சொந்தச் சொத்தாக நினைத்தது அதற்கு ஒரு பெரிய காரணம். அந்தச் சொந்தம் விளையாட்டுப் போட்டியிலும் ஒளி விழாவிலும் மாணவர் சந்தையிலும் வளர்ந்த சொந்தம்.

நம் தோட்டத்தில் என்ன நடக்கிறது?

நமக்குள்ள கஷ்டம் வேறு. பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது. காலையில் பெரட்டுக்குப் போனால் பின்னேரம் கொழுந்து நிறுத்த பிறகுதான் வீடு. இது தெரியாமல் யாரும் புத்தி சொல்லக் கூடாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடைசி வாரம் நிற்கும் பிள்ளைக்கு விடுமுறை ஒரு வாரம் கூடிப்போகிறது. தேர்ச்சி அறிக்கை கைக்கு வருவதில்லை. எதில் குறைவு என்று தெரியாமலே அடுத்த தவணை தொடங்குகிறது. தரம் 6, 7, 8, 9 படிக்கும் வயதில் இது ஆபத்து. ஏனென்றால் இந்த விடுமுறைக்குள்ளேதான், "கொழும்புல நல்ல கடை, நல்ல வீடு, லீவுக்கு மட்டும் அனுப்புங்க" என்று ஆள் வருகிறது. லீவுக்குப் போன பிள்ளை, கையில் கொஞ்சம் காசைக் கண்டதும் திரும்பிப் பள்ளிக்கூடம் போவது கஷ்டம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரை பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவது கட்டாயமானது. 2016இல் அது 16 வயது வரை என்று உயர்ந்தது. வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16 ஆக்கப்பட்டது. சிறு பிள்ளையை வேலைக்குக் கொண்டுபோவதைக் கண்டால் 1929 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் சொல்லலாம். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

வருகிற தவணையில் ஒரு நாடகத்தில் தனக்கு வேஷம் இருக்கிறது, சஞ்சிகையில் தன் பெயர் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, விடுமுறை முடிந்ததும் தானாகவே பையைத் தூக்கும். கடைசி வாரத்தின் பெரிய பலன் அதுதான்.

நாம் செய்யக்கூடியவை

1. பள்ளிக்கூடம் மூடும் கடைசி நாள் வரை பிள்ளையை அனுப்புங்கள். சின்னப் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விடுங்கள்.

2. தேர்ச்சி அறிக்கையை வாங்கி, பிள்ளையையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத தாய்க்கும் கேட்கத் தெரியும்.

3. கூட்டத்துக்கும் விழாவுக்கும் வீட்டில் ஒருவராவது போங்கள். வேலை முடிந்த பின்னேரத்தில் வைக்கும்படி பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் அதிபரிடம் கேட்கலாம்.

4. மாணவர் சந்தை வைத்தால் லயத்து முன்வாசலில் காய்த்த பீர்க்கங்காயோ, ஒரு கட்டுக் கீரையோ கொடுத்து அனுப்புங்கள். போய் நீங்களும் வாங்குங்கள்.

5. விடுமுறையில் நாலு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு கையெழுத்துச் சஞ்சிகை செய்யச் சொல்லுங்கள். லயத்துச் செய்தியும், பாட்டி சொல்லும் கதையும், காமன்கூத்துப் பற்றிய குறிப்பும் அதில் வரட்டும்.

கூடிப் பேச சில கேள்விகள்

* நம் பிள்ளை போன தவணையின் கடைசி வாரத்தில் எத்தனை நாள் போனது?
* நம் தோட்டத்தில் விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கூடம் திரும்பாத பிள்ளை யாரும் உண்டா? திருப்பி அனுப்ப யார் போய்ப் பேசலாம்?
* நம் பள்ளிக்கூடத்தில் மாணவர் சந்தை வைத்தால் நாம் என்ன கொடுக்கலாம்?

இதை வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகளே வாசித்தால் இன்னும் நல்லது.