சென்னை – சிங்கப்பூர்: டிக்கெட்டில் நேரம் பார்ப்பது எப்படி?

• வான்வழித் தூரம் சுமார் 2,900 கி.மீ. நேரடி விமானத்தில் நாலு முதல் நாலரை மணி நேரம்.

• டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு 11-க்குக் கிளம்பி அங்கே காலை 5.45-க்கு இறங்கினால், பறந்தது நாலேகால் மணி நேரம்தான்.

• திரும்பும்போது தலைகீழ். காலை 8-க்கு ஏறினால், சென்னையில் 9.30-க்கே இறங்கிவிடலாம்.

• நள்ளிரவு தாண்டிய விமானமா? தேதியை இன்னொரு முறை பாருங்கள். 15-ஆம் தேதி 12.30 என்றால், 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

• அழைக்க வருபவரிடம், இறங்கும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிச் சொல்லுங்கள். இமிக்ரேஷன் வரிசையும் பெட்டி எடுப்பதும் இருக்கிறதே!