நீரில் நின்றும் வாடும் மிளகாய்

யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணில் மிளகாய் செய்து பழகிய குடும்பங்கள் 1995, 1996 ஆம் ஆண்டுகளில் வன்னிக்கு இடம்பெயர்ந்தபோது, பள்ளமான களிநிலத்தில் தோட்டம் செய்ய நேர்ந்தவர்களும் உண்டு. புதிய மண்ணிலும் பழைய பழக்கப்படியே பாத்தி கட்டி இறைக்கிறோம். மாரி மழையும் சேர்ந்தால் நீர் கட்டி நிற்கும். ஈர மண்ணிலேயே கன்று வாடும். வாடலைக் கண்டதும் நமது கை வாளியைத் தேடும். அங்கேதான் தவறு நேர்கிறது.

இதை விளங்கிக்கொள்ளப் 'பரவல்' என்பதை அறிய வேண்டும். பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் வரும் சொல்தான். அசையாத நீருள்ள குவளையில் உடுப்புக்குப் போடும் நீலத்தில் ஒரு துளி விடுங்கள். கலக்காவிட்டாலும் அது மெல்ல மெல்லப் பரவும். நீலத்தின் நுண்ணிய மூலக்கூறுகள் ஓயாமல் எல்லாத் திசைகளிலும் அலைந்து மோதுகின்றன. செறிந்திருக்கும் பக்கத்தில் அவை அதிகம். ஆகவே அங்கிருந்து வெளியேறுபவையும் அதிகம். பிடித்துத் தள்ளுவார் எவருமில்லை.

இவ்வாறே ஒட்சிசனும் உயிர்க்கலங்களுக்குள் புகுகிறது. ஆனால் தூரம் கூடினால் பரவல் மிகவும் பிந்தும். தூரம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. அசையாத நீரில் ஒட்சிசன் ஒரு கலத்தின் அகலத்தைக் கடக்க ஒரு விநாடியின் சிறு பகுதி போதும். ஒரு சென்ரிமீற்றரைக் கடக்க ஏறக்குறைய 7 மணித்தியாலம் செல்லும். பத்து சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு மாதம்! நமது உடம்பில் இரத்தம் ஓடுவதும் இதனால்தான். தூரப் பயணத்தை இரத்தம் பார்த்துக்கொள்ள, கடைசிச் சிறு தூரம் மட்டுமே பரவலுக்கு விடப்படுகிறது.

இனி மண்ணுக்கு வருவோம். வேரும் சுவாசிக்கிறது. மண் துணிக்கைகளுக்கு இடையில் காற்று இருக்கும்வரை ஒட்சிசன் எளிதில் கீழிறங்கும். அந்த இடைவெளிகளில் நீர் நிறைந்துவிட்டால், அது காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். உள்ளதை வேரும் மண்ணின் நுண்ணுயிர்களும் விரைவில் முடித்துவிடும். மூச்சு முட்டிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே நீருக்குள் நின்றுகொண்டே இலை தாகத்தால் வாடுகிறது. அதற்கு மேலும் நீர் இறைப்பது, மூழ்குகிறவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பது போலாகும்.

நெல் எப்படித் தப்புகிறது? அதன் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழிகள் உண்டு. இலைவழி புகும் ஒட்சிசன் அவற்றினூடாக வேரை அடைகிறது. நெல்லைப் பிடுங்கினால் வேரில் துருப்போன்ற செந்நிறம் காண்பீர்கள். வேரிலிருந்து கசியும் ஒட்சிசன் சேற்றிலுள்ள இரும்போடு சேர்வதால் வந்த நிறம் அது. மிளகாய்க்கு இந்த வசதி போதாது.

எனவே களிநிலத்தில் பள்ளப் பாத்தி வேண்டாம். வரம்பை உயர்த்தி, கன்றை அதன் மேல் நட்டு, சாலில் நீரை விடுங்கள். மாரிக்கு முன்பே வடிகால் வெட்டி, அதன் வாய் எங்கே திறக்கும் என்பதை அயல் தோட்டக்காரருடன் பேசிக்கொள்ளுங்கள். உங்கள் நீர் அவருடைய கன்றுக்குள் போகக்கூடாது.

வாடிய கன்றுக்கு இறைக்குமுன் பக்கத்தில் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். மண் சேறாக இருந்து கூழ்முட்டை நாற்றமும் அடித்தால், வாளியை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுங்கள். மண் சேறாக இல்லாமலும் காய்ந்துபோகாமலும் இருந்தால் அது நோயாகவும் இருக்கலாம். அப்போது ஒரு கன்றை வேரோடு விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.