உங்கள் நிரலை எங்கே சோதிப்பது?

மாணவர்களின் லேப்டாப்பில் இப்போதெல்லாம் எப்போதும் திறந்திருப்பது ஜூபிட்டர் நோட்புக்தான். ஏன் என்று கேட்டால், "டேட்டா சயின்ஸுக்கு அதுதான் சார்" என்கிறார்கள். ஒரு மாணவியின் அப்பா, "கறுப்புத் திரையெல்லாம் பழைய காலம், கம்பெனியில் கேட்பதைப் படி" என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பெண் எழுதியிருந்ததோ கூட்டு வட்டி கணக்கிடும் ஒரு சின்ன ஃபங்ஷன். தான் எழுதியதைத் தானே சோதித்துப் பார்க்க எது ஏற்றது என்பதற்கு இந்தக் குறிப்புகள்.

ஐடில்: பிளஸ் டூவில் பைதான் படித்தவர்களுக்குப் பழகியது. எஃப்5 அழுத்தினால் ஷெல் புதிதாகத் தொடங்கி, ஃபைல் ஓடி, உங்கள் ஃபங்ஷன்கள் தயாராக நிற்கும். புதியவர்களுக்கு இது போதும்.

சாதாரண ஷெல்: அந்த அப்பா சொன்ன கறுப்புத் திரை. என் ஓட்டு இதற்குத்தான். ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலேயே திறங்கள். ஃபைலுக்கு 'ரேண்டம்' என்று பெயர் வைக்காதீர்கள்; பைதானின் சொந்த மாட்யூலுக்குப் பதில் உங்கள் ஃபைல் வந்து நிற்கும். பலர் தடுக்கி விழும் இடம் வேறு. ஷெல்லில் இம்போர்ட் செய்த 'வட்டி' என்ற ஃபைலைத் திருத்தி, சேவ் செய்து, மறுபடி இம்போர்ட் அடித்தால் பழைய விடையே வரும். ஒருமுறை ஏற்றிய மாட்யூலை பைதான் நினைவில் வைத்திருக்கும். அடுத்த இம்போர்ட்டில் ஃபைலை மறுபடி ஓட்டாது. இம்போர்ட்லிப்பில் உள்ள ரீலோட் வேண்டும். 'ஃப்ரம்' போட்டு ஃபங்ஷனை மட்டும் எடுத்திருந்தால், ரீலோடுக்குப் பின் அந்த வரியையும் மறுபடி அடிக்க வேண்டும். குழப்பமாக இருந்தால் ஷெல்லை மூடித் திறந்துவிடுங்கள்.

ஐபைதான்: 2001-இல் ஃபெர்னாண்டோ பெரெஸ் தொடங்கியது. டேப் அழுத்தினால் பெயர்களைக் காட்டும். ஆட்டோரீலோடைப் போட்டுவிட்டால் மேற்சொன்ன தலைவலி பெரும்பாலும் இல்லை. ஷெல் கைவந்தபின் இதற்கு மாறுங்கள்.

இனி நோட்புக். வரைபடம் போடவும், ஒரு தரவை அலசி அடுத்தவருக்கு விளக்கவும் அருமையான கருவி, அதை மறுக்கவில்லை. ஆனால் சொந்த நிரலைச் சோதிக்க அதைவிட ஏமாற்றும் இடம் இல்லை. செல்களை எந்த வரிசையிலும் ஓட்டலாம் என்பதுதான் வினை. அந்த மாணவியின் திரையில் மேலே இருந்த செல்லின் பக்கத்தில் ஓடிய வரிசை எண் 14, அதற்குக் கீழே 3. வட்டி விகிதத்தை வைத்திருந்த செல்லை எப்போதோ அழித்துவிட்டாள். செல் போனாலும் மதிப்பு நினைவகத்தில் இருந்தது. விடையும் சரியாகவே வந்தது. கெர்னலை, அதாவது பின்னால் ஓடும் பைதானை, ரீஸ்டார்ட் செய்து எல்லாச் செல்களையும் ஓட்டச் சொன்னேன். முதல் ஓட்டத்திலேயே நேம்எர்ரர். திரையில் தெரிவது ஒன்று, ஓடிக்கொண்டிருந்தது வேறொன்று. இது என் ஒருவனின் புலம்பல் அல்ல. 2018-இல் ஜூபிட்டர்கான் மாநாட்டிலேயே, நோட்புக்கை ஏன் பிடிக்கவில்லை என்று ஜோயல் கிரூஸ் பேசினார். இந்த வரிசைக் குழப்பமும் அவர் சொன்ன குறைகளில் ஒன்று.

இன்னொரு கேடு, எல்லாவற்றையும் செல்லிலேயே எழுதும் பழக்கம். அதனால் ஃபங்ஷனாகப் பிரிக்கவும், தனி ஃபைலாக வைக்கவும், இம்போர்ட் செய்யவும் கை வருவதில்லை. இம்போர்ட் செய்யத் தெரியாதவருக்குப் பைடெஸ்ட் போன்ற சோதனைக் கருவி வரை போக வழியே இல்லை. நோட்புக்தான் வேண்டும் என்றால், ஃபங்ஷன்களை ஃபைலில் எழுதி அங்கே இம்போர்ட் செய்யுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நேர்முகத் தேர்வில் எந்த மென்பொருளைத் திறந்தாய் என்பதைவிட, உன் நிரல் ஏன் தவறியது என்பதைச் சொல்லத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். அந்தத் திறன் ஒரே நாளில் வராது. மாணவர்களே, எழுதிய ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் பூஜ்யம் கொடுத்துப் பாருங்கள், எதிர்மறை எண் கொடுத்துப் பாருங்கள், எர்ரர் செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். உங்கள் வேகத்துக்கும் மனப்போக்குக்கும் எது ஒத்துவருகிறதோ அதில் பொறுமையாக உட்காருங்கள். பக்கத்து பெஞ்சைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.